சந்தோன்யாவில் மீன் வாடை அடிக்குமா?

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிக்காரன். மியூனிக்கில் வேலை. 2024 ஜூலையில் குடும்பத்தோடு பார்சலோனா போயிருந்தோம். சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்களே, அதே சமயம்தான். எங்கள் மேல் படவில்லை. ஆனாலும் மனசு விட்டுப்போயிற்று. இந்தத் தடவை கூட்டமில்லாத, இன்னும் கெட்டுப்போகாத, வெள்ளந்தியான மனிதர்கள் வாழும் மீனவ ஊர் ஒன்றில் ஒரு வாரம் இருக்க ஆசை. ஸ்பெயினின் வடகரையில் உள்ள சந்தோன்யாவைப் பற்றி நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதாக நண்பர் சொன்னார். இணையத்தில் தேடினால் ஊருக்குள் மீன் தொழிற்சாலைகள், கடற்கரையை ஒட்டிச் சிறைச்சாலை என்று வருகிறது. வாடை அடிக்குமா? குழந்தைகளோடு போகலாமா? மனைவி சைவம், சாப்பாடு கிடைக்குமா? எந்த மாதம் நல்லது?

க.

அன்புள்ள க.,

அடிக்கும். திரேஸ்புரத்துக் கருவாட்டு வாடையில் வளர்ந்த மூக்கு மியூனிக் போனதும் இப்படிக் கேட்கிறதே என்று கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பார்சலோனாவை விடுங்கள். வீட்டு வாடகை கட்ட முடியாமல் சொந்த ஊரைவிட்டுப் போகிறவர்களின் கோபம் அது. உங்கள் மூஞ்சியைப் பார்த்து வந்ததல்ல. சிறைச்சாலை உண்மைதான். எல் துவேசோ என்று பெயர். உள்நாட்டுப் போரில், 1937-ல் சரணடைந்த பாஸ்க் வீரர்களை அடைத்துவைத்த இடம். பெர்ரியா கடற்கரையிலிருந்தே தெரியும். குழந்தைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, மணல் வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ‘வெள்ளந்தியான மனிதர்கள்’தான். போன வாரம் ஒரு பயண இதழில் ‘யாரும் அறியாத பத்து மீனவ கிராமங்கள்’ என்று ஒரு பட்டியலைப் பார்த்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம். அங்கே வாழ்கிறவர்கள் ‘யாரும்’ கணக்கில் வரமாட்டார்களா?

சந்தோன்யா அழகான ஊர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புசியேரோ மலையோரம், சதுப்பு நிலம், வளைகுடா எல்லாம் அழகு. ஊர் என்னவோ பழைய அடுக்குமாடிகளும் துறைமுகமும் மீன் கிடங்குகளும்தான். அந்த ஊரைத் தாங்கி நிற்பது ஆஞ்சோவி என்ற ஒரு விரல் நீள மீன். நம் நெத்திலியின் குடும்பம். பெரிய மீனைப் பிடிக்கத் தூண்டில் இரையாக அதைப் போட்டுக்கொண்டிருந்த கரைக்கு, 1880களில் சிசிலியிலிருந்து உப்புப் போடுகிறவர்கள் வந்தார்கள், தங்கள் பக்கம் மீன் போதாமல். அவர்களில் ஜொவான்னி வெல்லா என்பவர், முள்ளும் உப்பும் நீக்கிய துண்டுகளை டப்பாவில் அடுக்கி, திறந்ததும் அப்படியே தின்னும்படி செய்தார். முதலில் வெண்ணெயில் போட்டார்கள், பிறகு ஆலிவ் எண்ணெய். இன்றைக்கும் அதேதான்.

அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பீப்பாயில் தலை நீக்கிய மீனை வட்டமாக அடுக்கி, உப்பு, மறுபடி மீன், மேலே பாரம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் அப்படியே கிடக்கும். வெளியே எடுக்கும்போது சதை செங்காவி நிறத்தில் இருக்கும். அதற்கப்புறம் எல்லாம் பெண்களின் கை. நீண்ட மேசை, வெள்ளைத் தொப்பி, ஏப்ரன். எனக்கு எதிரே இருந்த அம்மாளுக்கு அறுபது வயது நெருங்கியிருக்கும். வலைத்துணியால் தோலைத் தேய்த்தெடுக்கிறார். வால் பக்கம் நகத்தால் பிரித்து நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவுகிறார். ஓரத்தில் மயிர்போல நிற்கும் முட்களைக் கத்தரி நுனியால் நறுக்குகிறார். துணியில் ஒற்றி, டப்பாவில் வைத்து, அடுத்த மீன். கண் கையைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பெண்ணோடு ஏதோ கால்பந்து ஆட்டத்தைப் பற்றிச் சண்டை. பத்துப் பன்னிரண்டு துண்டு உள்ள டப்பா 15 யூரோவா என்று கடையில் வாய் பிளக்கிறவர்கள் இந்த மேசைக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கவேண்டும்.

கூட வந்த நண்பர் மொழிபெயர்க்க, அந்த அம்மாள் என்னைக் கேட்டார்: “மழை பெய்கிற ஊருக்கு எதற்கு வந்தாய்?” அமைதியாக இருக்கிறது என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. நீங்கள் விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டதும் பதில் யோசிக்காமல் வந்தது: ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள பெனிதோர்ம். வானுயரக் கட்டடம், நீச்சல் குளம், ராத்திரி முழுக்கப் பாட்டு. வருஷம் முழுக்க உப்பில் கை வைத்திருக்கிறவருக்கு இன்னொரு மீனவ ஊரில் என்ன வேலை?

அந்த பெனிதோர்மும் மீனவ ஊர்தான், க. சூரை பிடிக்கும் பெருவலைகளை நடத்துவதில் அவ்வூர்த் தலைவர்கள் பேர்போனவர்கள். பிழைப்பு மங்கியபோது, 1956-ல் நகர்த் திட்டம் போட்டுக் கோபுரங்களுக்கு வழி திறந்தார்கள். நாம் போய்க் கெடுத்தோம் என்று நினைப்பதில்கூட ஒரு பெருமை இருக்கிறது. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்கள்.

சந்தோன்யாவுக்கும் அந்த நாள் வந்தது. இந்த மீனுக்கு ஆயுள் இரண்டு மூன்று வருஷம். அடுத்தடுத்து குஞ்சு சரியாகப் பிழைக்காவிட்டால் கடல் காலி. 2005 கோடையில் இந்த வடகரைக் கடலான பிஸ்கே வளைகுடாவில் அதைப் பிடிக்கவே கூடாது என்று மூடிவிட்டார்கள். திறந்தது 2010-ல். இடையில் தொழிற்சாலைகள் வேறு கடல்களின் மீனை வாங்கி ஓட்டின, படகுகள் வேறு மீனுக்குப் போயின. எதிர்க்கரையில் லரேதோ என்ற ஊர் தெரியும். நீண்ட கடற்கரை, வரிசையாக விடுமுறை வீடுகள், குளிர்காலத்தில் பாதிக்கு மேல் சன்னல் மூடிக் கிடக்கும். அதுவும் ஒரு பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2010-ல் மீன் திரும்பாமல் இருந்திருந்தால், இந்தக் கரையிலும் அது வந்திருக்கும், நீங்களும் எனக்கு வேறு ஊர் கேட்டு எழுதியிருப்பீர்கள். மீன்பிடி ஒதுக்கீட்டில் எத்தனை டன் என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வருஷாவருஷம் மல்லுக்கட்டுகிற மீனவர் சங்கத்துக்காரர்களைப் போய் வெள்ளந்தி என்கிறீர்கள்! ஏலக்கூடத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும், எவன் முதலில் நிறுத்துகிறானோ அவனுக்கு மீன். அங்கே ஒரு வெள்ளந்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, போங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூனுக்குள் போனால் படகுகள் மீனோடு வருவதைப் பார்க்கலாம். குடை கொண்டுபோங்கள். ஆகஸ்டு வேண்டாம், ஊரே நெரியும். இரண்டு மணிக்கு மூடும் கடையை ஐந்துக்குத்தான் திறப்பார்கள், கதவைத் தட்டாதீர்கள். உங்கள் மனைவிக்கு முட்டை ஆகுமென்றால் தோர்த்தியா என்கிற உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும். பீன்ஸ் குழம்பு கேட்டால் பன்றி இறைச்சி போட்டதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

டப்பா வாங்கினால் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். அது வேகவைத்து மூடிய டப்பா அல்ல, ஃப்ரிட்ஜில்தான் இருக்கவேண்டும். தின்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வெளியே எடுத்து, ரொட்டியும் வெண்ணெயுமாக வையுங்கள். ஊர் ஞாபகத்தில் மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தீர்களானால், தயவுசெய்து அதை எனக்கு எழுதவேண்டாம்.