36 மாதக் காத்திருப்பும் 1,000 ரூபாய் ஓய்வூதியமும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் (சேமநிதி, பி.எஃப்.) மத்திய அறங்காவலர் வாரியம் 2025 அக்டோபரில் எடுத்த முடிவுகளைப் பற்றியவை. மீதியுள்ளவை, அதனோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் வந்த மாற்றங்களால் இன்றுவரை நட்டப்படுகிறவர்கள் எழுதியவை. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, அடிப்படைச் சம்பளம் என்ற நான்கையும் குறிப்பிடாமல் எழுதப்பட்ட கடிதங்களுக்கு நான் பதில் சொல்வதில்லை என்று முன்பே கூறியிருக்கிறேன். ஆயினும் அத்தகைய கடிதங்கள்தான் அதிகம் வந்துள்ளன.

பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து நின்றுவிட்டேன். ஓய்வூதியப் பணத்தை எடுக்க இனி 36 மாதங்கள் காத்திருக்க வேண்டுமாமே? அதற்குள் எடுத்துவிடலாமா? (திருப்பூர் வாசகி)

வேலையை விட்டு 2 மாதங்கள் கழிந்தால் ஓய்வூதியப் பங்கை எடுக்கலாம் என்றிருந்ததை 36 மாதங்களாகவும், சேமநிதியை முழுமையாக முடித்து வாங்குவதற்கான 2 மாதங்களை 12 மாதங்களாகவும் உயர்த்த வாரியம் 2025 அக்டோபர் 13 அன்று முடிவெடுத்தது. சேமநிதியில் 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம், மீதி 25 விழுக்காட்டுக்குத்தான் ஓராண்டுக் காத்திருப்பு என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. அவசரப்பட்டுப் பணத்தை எடுப்பவர்கள் ஓய்வூதியத் தகுதியை இழக்கிறார்கள் என்பது அரசு சொல்லும் காரணம். அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் வருமானமின்றி இருப்பவரின் சொந்தப் பணத்தை மூன்று ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டு, அது அவருடைய நன்மைக்கே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ஆண்டுப் பணிக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம். சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. ஓய்வூதியக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பான 15,000 ரூபாய் என்றே வைத்தாலும் 60,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மறுபடியும் வேலைக்குப் போகும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், இந்தத் தொகைக்காக நான்கு ஆண்டுப் பணிக்காலத்தை அழித்துவிடாதீர்கள். படிவம் 10சி வழியாக, பணிக்காலத்தைக் காத்துவைக்கும் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். அடுத்த நிறுவனத்தில் அதே யுஏஎன் எண்ணை (நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) கொடுங்கள். இந்த நான்கு ஆண்டுகள், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கில் சேரும். எடுத்தே தீர வேண்டும் என்ற நிலை இருந்தால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியே பொருந்தும் என்பதை அறிந்து, அதை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி ஓட வேண்டாம்.

9 ஆண்டு 7 மாதம் பணி. 10 ஆண்டு முடியாததால் பணத்தை எடுக்க விண்ணப்பித்தேன், தள்ளுபடி செய்துவிட்டார்கள். இது அநியாயமில்லையா? (ஓசூர் வாசகர்)

அநியாயமில்லை. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பின்னம் ஓர் ஆண்டாகக் கொள்ளப்படும். ஆகவே உங்கள் பணி 10 ஆண்டுகள், நீங்கள் ஓய்வூதியத்துக்கே தகுதி பெற்றவர். தள்ளுபடி செய்தவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லை. அரசாங்கம் நிறுத்திவிட்டதா? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடாத வாசகர்)

ஊர் இல்லை, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண் இருக்கிறதா என்ற குறிப்பு இல்லை, கடைசியாக வாழ்நாள் சான்றிதழ் கொடுத்த மாதம் இல்லை; பதில் மட்டும் உடனே தேவை. நூற்றுக்குத் தொண்ணூறு வாழ்நாள் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அரசு ஓய்வூதியர்களுக்கு உள்ள நவம்பர் கெடு நமக்குப் பொருந்தாது. 95ஆம் ஆண்டுத் திட்டத்தில் சான்றிதழை எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். சென்ற ஆண்டு ஆகஸ்டில் கொடுத்தவர் இந்த ஆண்டு நவம்பர் வரை காத்திருந்தால் இடையில் பணம் நிற்கத்தான் செய்யும். சான்றிதழ் பதிவானதும் நிலுவை சேர்ந்து வந்துவிடும்.

தறியிலும் சாயப்பட்டறையிலும் வேலை பார்த்துக் கைரேகை தேய்ந்தவர்கள் பொதுச் சேவை மையத்தில் விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வாழ்நாள் சான்றிதழுக்கான ஜீவன் பிரமான் செயலியில் முக அடையாள வசதி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளின் திறன்பேசியிலேயே முடித்துவிடலாம். பதிவானதற்கான எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். 2025 ஜனவரி முதல் ஓய்வூதியம் மையப்படுத்தப்பட்ட முறையில் எந்த வங்கிக் கிளைக்கும் வருகிறது என்பதால், ஊர் மாறியவர்கள் பி.பி.ஓ.வை மாற்றக் கோரி அலைய வேண்டியதில்லை.

1995 நவம்பரில் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர். 30 ஆண்டுகள் முடித்து 2025இல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். சம்பளம் உச்சவரம்பான 15,000. நீண்ட பணிக்காகச் சேர்க்கும் போனஸ் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 32ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 6,857 ரூபாய் வர வேண்டும். வந்திருப்பதோ ஏறத்தாழ 4,400. அலுவலகம் கணக்கில் தவறு செய்துவிட்டதா? (திருச்சி வாசகர்)

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். கேட்க வேண்டிய எல்லா விவரங்களையும் ஒரே அஞ்சலட்டையில் அடக்கிவிட்டீர்கள். அலுவலகம் தவறு செய்யவில்லை. தவறு விதியில் இருக்கிறது, அது தெரிந்தே எழுதப்பட்ட விதி.

2014 செப்டம்பர் 1 அன்று நடப்புக்கு வந்த திருத்தங்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசப்பட்டவை இரண்டு: குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய், ஊதிய உச்சவரம்பு 6,500இலிருந்து 15,000. இரண்டும் நல்ல செய்திகள். அவற்றோடு சேர்ந்து வந்த மற்ற மூன்றைத் தொழிலாளியிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முதலாவது, அந்த நாளுக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாயையும் பிந்தைய பணிக்காலத்துக்கு 15,000 ரூபாயையும் உச்சமாகக் கொண்டு தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும் என்ற விகிதாசார விதி. உங்களுக்கு முதல் 19 ஆண்டுகளுக்கு 1,760 ரூபாய், அடுத்த 11 ஆண்டுகளுக்கு 2,360 ரூபாய், போனஸ் ஆண்டுகளுக்குச் சில நூறு. 4,400 என்பது இப்படித்தான் வருகிறது. உங்களிடமிருந்து மாதம் சுமார் 2,450 ரூபாயை எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்.

இரண்டாவது, ஓய்வூதியத்துக்கான சம்பளம் கடைசி 12 மாதங்களின் சராசரி என்றிருந்தது 60 மாதங்களின் சராசரி ஆனது. உச்சவரம்பிலேயே இருந்த உங்களுக்கு இதனால் பாதிப்பில்லை. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றில் 2014க்குப் பிறகு சேர்ந்து, சம்பளம் 9,000இலிருந்து ஐந்தாண்டுகளில் 14,000ஆக உயர்ந்து, 12 ஆண்டுப் பணியோடு ஓய்வு பெறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பழைய முறையில் 2,400 ரூபாய் கிடைத்திருக்கும். புதிய முறையில் 2,000 ரூபாய்கூடத் தேறாது. குறைந்த சம்பளக்காரரைத்தான் இந்தச் சராசரி அதிகம் கடிக்கிறது. மூன்றாவது, 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்பவருக்கு இந்த ஓய்வூதியத் திட்டத்தின் கதவே அடைக்கப்பட்டது.

இதையெல்லாம் கேட்டால், நிதியில் பற்றாக்குறை என்கிறார்கள். பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது? முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு இந்த நிதிக்கு வருகிறது. அரசு தருவது 1.16 விழுக்காடு, அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டு. அதாவது ஓர் உறுப்பினருக்கு மாதம் அதிகபட்சம் 174 ரூபாய். உச்சவரம்பை உயர்த்தினால் அரசின் பங்கும் உயரும். 2001இல் வைத்த 6,500ஐ உயர்த்த 13 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். 2014இல் வைத்த 15,000 இதை எழுதும் வரை அங்கேயே நிற்கிறது. இதற்கிடையில், முழுச் சம்பளத்துக்கு ஓய்வூதியம் கேட்டவர்கள், உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கான அந்த 1.16 விழுக்காட்டையும் தங்கள் கையிலிருந்தே கட்ட வேண்டும் என்று அதே திருத்தத்தில் எழுதி வைத்தார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 தீர்ப்பில் சொன்னது. திருத்தத்தின் ஏனைய பகுதிகளை, 60 மாதச் சராசரி உட்பட, ஏற்றுக்கொண்டது.

குறைந்தபட்ச 1,000 ரூபாயும் 2014இல் வைத்ததே. மத்திய, மாநில அரசுகளின் ஓய்வூதியர்களுக்கு விலைவாசியோடு அகவிலைப்படி ஏறுகிறது. இந்தத் திட்டத்தின் 78 லட்சம் ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி என்ற பேச்சே இல்லை. 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் வேண்டும் என்ற கோரிக்கையோடு முதியவர்கள் தில்லி வரை சென்று போராடிவிட்டார்கள். வெட்டு என்று பெயர் சொல்லாமல், ஒரு தொகையை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் வெட்டுதான் என்பது என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணிக்காலக் கணக்கில் பங்களிப்பில்லாத நாட்கள் என்று எத்தனை கழிக்கப்பட்டுள்ளன என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அதில்தான் திருத்தத்துக்கு இடமிருக்கும்.

2006இல் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட் செய்தேன் (விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாகப் பெற்றேன்). 15 ஆண்டுகள் கடந்தும் குறைந்த தொகையே வருகிறது. (மதுரை வாசகர்)

2008 செப்டம்பர் 25ஆம் தேதியும் அதற்கு முன்பும் கம்யூட் செய்தவர்களுக்கு 15 ஆண்டுகள் முடிந்ததும் முழு ஓய்வூதியம் மீள வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் அரசிதழில் வெளியாகிவிட்டது. பி.பி.ஓ. நகலோடு மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள், நிலுவையையும் கேளுங்கள். 2008க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்களுக்கும் கம்யூட்டேஷன் உண்டா என்று எழுத வேண்டாம். அந்த வசதியே அப்போது நீக்கப்பட்டுவிட்டது.

50 வயதாகிறது. வேலை போய்விட்டது. ஓய்வூதியத்தை இப்போதே தொடங்கலாமா? (அம்பத்தூர் வாசகர்)

பத்தாண்டுப் பணி இருந்தால் தொடங்கலாம். 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. உங்களுக்குச் சுமார் 30 விழுக்காடு போகும், 58 ஆனாலும் திரும்பி வராது. அடுப்பு எரிய வேறு வழி இருந்தால் காத்திருங்கள்.

விலக்கு பெற்ற (சேமநிதியைச் சொந்த அறக்கட்டளையில் நிர்வகிக்கும்) நிறுவனத்தில் பணியாற்றி 2017இல் ஓய்வு பெற்றேன். முழுச் சம்பளத்துக்கான உயர் ஓய்வூதியத்துக்கு, நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு விருப்பம் கொடுத்தும், அறக்கட்டளை விதிகளைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். (சென்னை வாசகர்)

விலக்கு பெற்ற நிறுவனத்தாரையும் மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்பது 2022 தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அறக்கட்டளையின் விதிகள் பங்களிப்பை உச்சவரம்போடு நிறுத்தியிருந்தால் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்ற நிலைப்பாட்டைச் சேமநிதி அமைப்பு எடுத்திருக்கிறது. இப்படித் தள்ளப்பட்டவர்கள் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். நிராகரிப்பு ஆணையைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் முழுச் சம்பளத்துக்கும் சேமநிதி பிடிக்கப்பட்டதற்கான ஆண்டுச் சீட்டுகளையும் அறக்கட்டளை விதிகளின் நகலையும் சேருங்கள். பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள், காலம் தாழ்த்தாமல். 2014 செப்டம்பருக்கு முன்பே விருப்பம் கொடுக்காமல் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. அவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வழி இருக்கிறது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கணவர் அச்சகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். பத்து ஆண்டு முடியாததால் ஓய்வூதியம் கிடையாது என்று கம்பெனியில் சொல்கிறார்கள். இரண்டு குழந்தைகள். (சிவகாசி வாசகி)

அம்மா, அவர்கள் சொல்வது முற்றிலும் தவறு. பத்தாண்டு நிபந்தனை உயிரோடு இருந்து ஓய்வு பெறும் உறுப்பினருக்குத்தான். பணியில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. குழந்தைகள் இருவருக்கும் 25 வயது வரை, உங்கள் தொகையில் கால் பங்கு வீதம் தனித்தனியே உண்டு. இதற்குப் படிவம் 10டி. சேமநிதித் தொகைக்குப் படிவம் 20. இவை தவிர, சேமநிதியோடு இணைந்த காப்பீட்டில் தகுதியைப் பொறுத்து இரண்டரை லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்குப் படிவம் 5ஐஎஃப். கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். அதையும் தராவிட்டால், தேதிகளைக் குறித்து, நேரே சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இது சலுகை கேட்டு நிற்கும் விஷயமில்லை.

பத்து விழுக்காடு கொடுத்தால் பி.எஃப். பணத்தை ஒரே வாரத்தில் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். (வேலூர் வாசகர்)

கொடுக்காதீர்கள். ஆதாருக்கு வரும் ஓடிபியையும் சொல்லாதீர்கள்.

ஆதாரில் ஒரு முன்னெழுத்து, பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் முழுமையாக. பழைய கம்பெனி மூடிவிட்டது; விலகிய தேதியும் பதிவாகவில்லை. ஆறு முறை விண்ணப்பித்தும் தள்ளுகிறார்கள். (ஈரோடு வாசகர்)

ஒரே தவறோடு ஆறு முறை விண்ணப்பித்தால் ஆறு முறையும் தள்ளத்தான் செய்வார்கள். முதலில், உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி வழியாகப் பெயரைச் சரிசெய்யுங்கள். மூடிய நிறுவனத்துக்கு அலுவலகம் கேட்கும் சான்றுகளோடு நேரில் செல்ல வேண்டியிருக்கும். விலகிய தேதியை, கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் அமையுமாறு, உறுப்பினரே இணையத்தில் பதிவு செய்ய வழி உண்டு. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் முடிந்த பிறகுதான் பண விண்ணப்பம். மாதந்தோறும் 27ஆம் தேதியன்று மாவட்டங்களில் சேமநிதி அமைப்பின் குறைதீர் முகாம் நடக்கிறது. ஆதார், பள்ளிச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் மூலத்தையும் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். மனுவுக்கு ஒப்புகை எண் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.