கடல் தாண்டும் சலங்கை: வாசகர் கேள்வி - பதில்

வெளிநாடுகளில் பரதம் ஆடுகிறவர்களும் கற்றுத்தருகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

லண்டனில் ஒரு கலை விழாவில் 40 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழும் தெரியாது, பரதமும் தெரியாது. முகமும் கையும் பொருள் சொல்லும் அபிநயத்தைக் குறைத்து, தாளச் சொற்களுக்குக் காலடி வைக்கும் ஜதிகளை மட்டும் வைக்கச் சொல்கிறார்கள் அமைப்பாளர்கள். நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை எப்படிச் சுருக்குவது?
- ஒரு நடனக் கலைஞர், லண்டன்

அமைப்பாளர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். அயல்நாட்டார் ஜதியைத்தான் ரசிப்பார்கள் என்பது நம்மவர்களே கட்டிவிட்ட கதை. 1962-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடிய பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் பலமே அபிநயம்தான். ஜதி மட்டும் இருந்தால் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும். பழகாத கண்ணுக்கு ஓர் அடவுக்கும் (அடிப்படை ஆட்ட அசைவு) இன்னோர் அடவுக்கும் வித்தியாசம் பிடிபடாது. ஆனால் கோபித்துக்கொண்டு முகம் திருப்பும் பெண்ணை எந்த ஊரிலும் புரிந்துகொள்வார்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: அலாரிப்பு 5 நிமிடம், வர்ணம் 18, பதம் 7, தில்லானா 6, இடையே பேச்சுக்கு மொத்தம் 4. முழு வர்ணம் 35 முதல் 45 நிமிடம் போகும் என்பதால் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ வெட்டியாக வேண்டும். தொடக்கத்தில் மூன்று வேகத்தில் வரும் திரிகால ஜதி அப்படியே இருக்கட்டும்; தாளத்தின் கட்டமைப்பு காதில் ஏறுவது அங்கேதான். பல்லவியின் முதல் வரிக்கு நாலைந்து சஞ்சாரி (வரியின் பொருளை விரித்துக் காட்டும் அபிநயம்) செய்கிற இடத்தில் இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டையும் அவசரமில்லாமல் செய்யுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஜதிகளை எடுத்துவிடலாம். அனுபல்லவிக்கு ஒரு ஜதி, ஒரு சஞ்சாரி. அதையடுத்து வரும் முக்தாயி ஸ்வரத்தையும் அதன் பாடல் வரியான சாகித்தியத்தையும் முழுதாக வையுங்கள். சரணத்தில், அதன் வரியைத் தொடர்ந்து வரும் எத்துக்கடை ஸ்வரங்களில் இரண்டோடு முடித்துவிடலாம்.

வெட்டும்போது தவறு நேர்வது இரண்டு இடங்களில். முக்தாயி முடிந்து சரணத்துக்குப் போகும்போது காலப்பிரமாணம், அதாவது வேகம், சற்று ஏறும். முக்தாயியை எடுத்துவிட்டு நேரே சரணத்துக்குத் தாவினால் அந்த ஏற்றம் திடீர்க் குலுக்கலாக விழும். மற்றொன்று, பதிவு செய்த இசையில் ஆடுபவர்களுக்கு. சாகித்தியத்தின் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து (தாளச் சுற்றின் முதல் அடி) தள்ளி இருந்தால், பாட்டு தொடங்கும் இடத்தைப் பார்த்து வெட்டக் கூடாது; சமத்திலிருந்து சமத்துக்கு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அரை ஆவர்த்தனம் (தாளச் சுற்று) காணாமல் போய், ஜதியை முடிக்கும் தீர்மானம் அந்தரத்தில் நிற்கும்.

பேச்சு விஷயத்தில் ஒன்று. 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் வரிசையாகக் காட்டி வகுப்பெடுக்காதீர்கள். விரல்களைச் சேர்த்து நீட்டும் பதாகத்தை மட்டும் எடுத்து, மேகம், ஆறு, ‘வேண்டாம்’ என மூன்று விதமாகக் காட்டினால் போதும். கை ஒன்று, பொருள் பல என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பாட்டின் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒருத்தி தன் தோழியிடம், போய் அவனை அழைத்து வா என்கிறாள்’ என்று சூழ்நிலையைச் சொல்லி நிறுத்துங்கள். மீதியை முகம் சொல்லட்டும்.

இங்கே சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறேன். சிமென்ட் தரை, மேலே டைல்ஸ். மூன்று மாதமாகப் பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே வலி என்கிறார்கள். தரைதான் காரணமா?
- ஒரு நடன ஆசிரியை, டொராண்டோ

பெரும்பாலும் தரைதான். தட்டும்போது போகும் விசையைச் சிமென்ட் கொஞ்சம்கூட வாங்கிக்கொள்ளாது. அப்படியே கெண்டைக்காலின் முன்னெலும்புக்குத் திரும்பி வரும். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் ஓய்வும் தரை மாற்றமும் போதும். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துடிக்கிறது, இரவில் படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அந்தப் பிள்ளையை மருத்துவர் பார்க்கும்வரை ஆடவிடாதீர்கள்.

முதல் தேர்வு, அடியில் காற்றிடைவெளி உள்ள மரத்தளம். பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் பாலே ஸ்டுடியோக்களிலும் அநேகமாக இதுதான் இருக்கும். மணிக்கு வாடகை கூடுதல் என்றாலும் அங்கே மாறிவிடுவது நல்லது. முடியாவிட்டால் 8-க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகைகளை வாங்கி, கீழே கெட்டியான ரப்பர் அல்லது ஃபோம் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் இருவருக்குமேல் வேண்டாம். பலகைகள் நகராமல் ஓரங்களை அகல நாடாவால் ஒட்டிவிடுங்கள். யோகா பாயைத் தரையில் விரித்து அதன்மேல் தட்டச் சொல்வது தப்பான சிக்கனம்: குதிகால் அமிழ்ந்து கணுக்கால் புரளும். கம்பளமும் ஆகாது. திரும்பும்போது பாதம் சிக்கிக்கொள்ள, முறுக்கு முழங்காலில் போய் முடியும்.

தரையை மாற்றினாலும் அரைமண்டியை (முழங்காலை மடக்கிப் பாதி அமரும் நிலை) பாருங்கள். முழங்கால், காலின் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இடுப்பு திறக்காத பிள்ளையைப் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் முழங்கால் உள்ளே சாயும், உள்ளங்கால் வளைவு தட்டையாகும். பாதத்தைக் கொஞ்சம் குறைத்துத் திருப்பினாலும் பரவாயில்லை, முழங்கால் விரலோடு போகட்டும். குதித்து மெட்டும் அடவுகளை உடம்பு சூடான பிறகு, வகுப்பின் நடுப்பகுதியில் வையுங்கள். குளிர்காலத்தில் பனியிலிருந்து நேரே வந்து தட்டடவு தொடங்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். முதல் பத்து நிமிடம் நடை, இடுப்பு, கணுக்கால், கெண்டைக்கால் பயிற்சி. குதிகால் வெடிப்புக்கு இரவில் வாசலின் தடவிக் காலுறை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு முன் தடவினால் வழுக்கி விழுவார்கள்.

மேடையில் குத்துவிளக்கு ஏற்றலாமா?
- ஒரு வாசகர், ஃப்ராங்க்ஃபர்ட்

எழுத்தில் அனுமதி இல்லாமல் வேண்டாம். அரங்கின் புகை உணர்வி, கற்பூரத்தையும் ஊதுபத்தியையும் சமையலறைத் தீயையும் ஒன்றாகத்தான் பார்க்கும். அலாரம் அடித்தால் மொத்தக் கூட்டமும் வெளியே போக வேண்டியதுதான். பேட்டரி விளக்கு மேடைக்கு, நிஜ விளக்கு வீட்டுப் பூஜைக்கு. பாதத்தில் பூசும் சிவப்புச் சாயமான அல்தாவிலும் எச்சரிக்கை தேவை: வியர்வையில் கரைந்து சாம்பல் நிற வினைல் விரிப்பில் சிவப்புப் பாதங்களாகப் பதியும், துடைத்தாலும் போகாது, துப்புரவுக் கட்டணம் உங்கள் தலையில். நன்றாகக் காய்ந்த பிறகு ஈரத் துணியால் ஒற்றிப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் இன்னும் காயவில்லை.

சென்னையிலிருந்து குழுவோடு மெல்பர்ன் போகிறோம். பூ, மிருதங்கம், தாளம் தட்டும் தட்டுக்கழி எல்லாம் கொண்டு போகலாமா?
- ஒரு நட்டுவனார், சென்னை

மல்லிகை, அருகம்புல், மாவிலை, தேங்காய் எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் செடி, விதை, மண் விஷயத்தில் மிகக் கறார். தலைக்குத் துணிப்பூ அல்லது காகிதப் பூ. சலங்கை பூஜைக்கான பூவும் பழமும் அங்கேயே கடையில் கிடைக்கும். மிருதங்கத்தில் தோல், தட்டுக்கழியிலும் அது தட்டப்படும் பலகையான தட்டுமனையிலும் மரம். விமானத்தில் தரும் அறிவிப்புப் படிவத்தில் விலங்குப் பொருள், மரப் பொருள் இரண்டுக்கும் ‘ஆம்’ என்று குறியிடுங்கள். அறிவித்தால் பரிசோதித்துத் திருப்பித் தருவதே வழக்கம், மறைத்தால் அபராதம். பட்டை ஒட்டிய கட்டையும் புழு துளைத்த கட்டையும் வேண்டாம். பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

நடன உடை, நகை, சவுரி, ஒப்பனை எல்லாம் கைப்பையில்; சலங்கை பெட்டியில். பெட்டி வராமல் போனால் சலங்கையை உள்ளூரில் இரவல் வாங்கலாம், அளவுக்குத் தைத்த உடையை வாங்க முடியாது. ஹீட்டர் ஓடும் அரங்கில் காற்று வறண்டு மிருதங்கத்தின் தோல் இறுகும், சுருதி ஏறும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே வாத்தியத்தை மேடையில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

இணைய வகுப்பில் மாணவிகளின் தட்டு எப்போதும் பின்தங்கியே வருகிறது. தட்டுக்கழிச் சத்தம் அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்கிறார்கள்.
- ஒரு நடன ஆசிரியர், கோயம்புத்தூர்

பின்தங்குவது பிள்ளைகள் அல்ல, இணைப்பு. உங்கள் சொல் அங்கே போய்ச்சேரக் கொஞ்சம், அவர்கள் படம் திரும்பி வரக் கொஞ்சம். நீங்கள் அவர்களோடு சேர்வதற்காக இழுக்க இழுக்க அவர்களும் இழுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முதற்காலம் (முதல் வேகம்) மிக மெதுவான விளம்பத்தையும் தாண்டிப் போயிருக்கும். ஆகவே நேரலையில் சொல்லிக்கொடுத்து ஆடவைப்பதை விட்டுவிடுங்கள். ‘தெய்யா தெய்’ முதல் எல்லாச் சொற்கட்டையும் (அடவுக்கான தாளச் சொற்கள்) மூன்று காலத்திலும் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்புங்கள். வகுப்பில் அந்தப் பதிவை மாணவி தன் வீட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டு ஆட வேண்டும். அப்போது சொல்லும் தட்டும் ஒரே அறையிலிருந்து சேர்ந்து கிளம்பும். நீங்கள் பார்ப்பது அவளுடைய உண்மையான லயமாக இருக்கும்.

தட்டுக்கழியைத் தின்பது ஸூம் செயலியின் இரைச்சல் நீக்கம். மனிதக் குரலைத் தவிர மற்றதைத் தொல்லை என்று எண்ணி அது வெட்டிவிடும். ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இரு பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா இடுப்பு உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி, பாதம் முழுதாகத் தெரிகிற மாதிரி. மேசைமேல் இருந்து கீழ்நோக்கும் கேமராவில் எல்லார் அரைமண்டியும் ஆழமாகவே தெரியும், அதை நம்பாதீர்கள். வகுப்புக்கு இரண்டு தடவையாவது பக்கவாட்டில் நிற்கச் சொன்னால் முதுகு வளைவதும் பின்பக்கம் தள்ளுவதும் மாட்டிக்கொள்ளும். ஒரு திரையில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் ஒன்று சிறு சன்மானத்தோடு அழைக்கிறது. சுற்றுலா விசாவில் போய் ஆடிவிட்டு வரலாமா?
- ஒரு வாசகி, மதுரை

கூடாது. சன்மானம் சிறிதோ பெரிதோ, கூலிக்கு ஆடுவது சுற்றுலா விசாவில் அடங்காது. பாரம்பரியக் கலைகளுக்கென்றே இருப்பது பி-3 (P-3) விசா. ஆடுவதற்கும் கற்றுத்தருவதற்கும் அது செல்லும். விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல. அழைக்கும் அமைப்பு ஐ-129 படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். கூடவே தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம், ஒப்பந்தம், நிகழ்ச்சி நடக்கும் ஊர்களும் தேதிகளும், உங்கள் கலைத் தகுதிக்கான சான்றுகள். மனுவை ஓராண்டு முன்பிருந்தே கொடுக்கலாம். ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று சங்கம் சொன்னால் விமானச் சீட்டு வாங்காதீர்கள். சன்மானத்தில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். செலவு போக மிச்சத்துக்கு மட்டும் பிடிக்கும்படி அமெரிக்க வருமான வரித் துறையோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வழி உண்டு. முதல் நிகழ்ச்சிக்கு 45 நாட்களுக்கு முன் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும்.

வாரம் ஒரு மணி நேர வகுப்பு. ஏழு ஆண்டு ஆயிற்று. மகள் கல்லூரிக்குப் போகுமுன், 17 வயதில், அரங்கேற்றம் வைக்க நினைக்கிறோம். ஆசிரியை தயங்குகிறார்.
- ஒரு தாய், நியூ ஜெர்சி

கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுமுறை போக ஆண்டுக்கு 40 வகுப்பு என்றால் ஏழு ஆண்டுக்கு 280 மணி நேரம். சென்னையின் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் முழுநேரமாகப் படிக்கும் மாணவி இதைச் சில மாதங்களிலேயே தாண்டிவிடுவாள். அலாரிப்பிலிருந்து தில்லானா வரை இரண்டரை மணி நேரம் நிற்க, கடைசி ஓராண்டாவது வாரம் மூன்று வகுப்பும் வீட்டுப் பயிற்சியும் வேண்டும். மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கும் வழக்கம் பெருகிவிட்டது. ஆசிரியை தயங்குவது சரியே. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், ஒரு கீர்த்தனம் என்று சலங்கை பூஜையாக இப்போது நடத்தலாம், அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான முழு மார்க்கம் பிறகு. அதற்குள் ஒரு சோதனை: இடையில் நிறுத்தாமல், தண்ணீர் குடிக்காமல் மகள் வர்ணத்தை முழுதாக ஆடட்டும். முடித்த ஐந்தாவது நிமிடத்தில் பதத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவது முகத்தில் தெரிந்தால் இன்னும் ஓராண்டு.