நாலு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி ஐந்து பேர் குடும்பத்துக்குப் போதுமா?

நால்வருக்குத் தாராளம். ஐந்தாவது ஆளும் பெரியவர் என்றால் நெருக்கடிதான். மாருதி பிரெஸ்ஸாவையே எடுத்துக்கொள்வோம். நீளம் 3995 மில்லிமீட்டர். ஓட்டுபவர்கள் மெச்சுவது உயரத்தை. முட்டிவலி உள்ளவர்கள் சிரமப்பட்டுக் குனியாமல் சீட்டில் உட்காரலாம், சாதாரண வேகத்தடையில் அடி தட்டாது. சந்தில் திருப்புவதும் சுலபம்.

குறை பின்சீட்டில். மூவர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும், நடுவில் இருப்பவருக்கு நீண்ட பயணம் பெரும்பாடு. டிக்கி 328 லிட்டர். சிஎன்ஜி (இயற்கை எரிவாயு) வண்டிகள் பலவற்றில் சிலிண்டரே டிக்கியைப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் ஷோரூமிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லாரையும் ஏற்றி, ஏசி போட்டு, முழுப் பாரத்தோடு வண்டி இழுக்கிறதா என்று ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.