இல்லத்தில் எல்லோருக்கும் இருமல்: அம்மாவை அழைத்து வரலாமா?

கேள்வி: 78 வயதான என் அம்மா கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான்கு நாட்களாக அங்கே ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி, இருமல். கேட்டால் 'சீசன் சளிதான்' என்கிறார்கள். அம்மாவுக்கு இதுவரை ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமா? வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது.

பதில்: உடனே அழைத்து வராதீர்கள். ஃப்ளூ என்றால் அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளே பரவத் தொடங்கிவிடும், நன்றாக இருக்கும் அம்மாவோடு சேர்ந்து அதுவும் வீட்டுக்கு வரலாம். வந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு வாரமாவது தனி அறை, திறந்த ஜன்னல், குழந்தையைத் தூக்குபவர் வேறு, அம்மாவைக் கவனிப்பவர் வேறு.

ஆனால் 'சீசன் சளிதான்' என்பதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். ஒரே இல்லத்தில் 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு இப்படி வந்தாலே மூக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ளூவா கோவிடா என்று பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஃப்ளூ என்றால் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம், இன்னும் நோய் வராதவர்களுக்கும் தடுப்பாகக் கொடுக்கலாம். வைரஸ் சளிக்கு எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண்.

படுக்கையில் இருப்பவர் வெளியே போவதில்லை, கிருமி வெளியிலிருந்து வந்துபோகிறவர்களோடுதான் வருகிறது. ஆயாம்மா ஒருவருக்கு இட்லி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போய் இன்னொருவரை அணைத்துத் தூக்கி உட்கார வைக்கிறார், ஏசிக்காக ஜன்னல்களும் சாத்தியிருக்கின்றன. 2020-இல் அமெரிக்காவின் சியாட்டில் அருகே கிர்க்லாண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கோவிட் புகுந்தது. மார்ச் 18-க்குள் அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று, அதில் 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். உடம்பு சரியில்லாமலேயே வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்த்ததும் பரவலுக்குக் காரணமாக இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அதற்காக உங்கள் அம்மா இருக்கும் இல்லத்து ஆயாம்மாக்களைத் திட்டாதீர்கள், லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? சளி பிடித்தவருக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா என்று நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள். மாஸ்க், கை கழுவுவது, இருமுகிறவர்களைத் தனி அறையில் வைப்பது, சாப்பாட்டுக் கூடத்தைச் சில நாள் மூடுவது எல்லாம் முக்கியம்தான், ஆனாலும் நான் முதலில் கேட்பது இந்தச் சம்பளத்தோடு லீவைப் பற்றித்தான்.

இன்னொன்று, வயதானவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமலும் நிமோனியா வரலாம். திடீரென்று பேச்சு குழம்புவது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, நேற்றுவரை நடந்தவர் இன்று தடுமாறி விழுவது, இவைதான் பல சமயம் முதல் அறிகுறி. தெர்மாமீட்டர் 100 டிகிரி காட்டினாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணச் சொல்லுங்கள்: 25-க்கு மேல் போனாலோ, வழக்கமாக நன்றாக இருக்கும் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைதான். யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் வேண்டும்.

இது அடங்கியதும் அம்மாவுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளூ ஊசி வருடா வருடம் போட வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கும் போடலாம், உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.