பதில்: ஆக்சின் தட்டில் வேர் ஏன் நீளவில்லை?

ஆக்சின் என்பது செடியின் வளர்ச்சி ஹார்மோன், ஐஏஏ அதன் ஒரு வகை. ஐஏஏ கலந்த வளர்ப்புத் தட்டில் நாற்றின் வேர் நீளவில்லையே, ஐஏஏ கெட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. உங்கள் ஐஏஏ கெட்டுப்போகவில்லை, நன்றாகவே வேலை செய்கிறது. 1 மைக்ரோமோலார் அளவில் அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) வேர் குட்டையாகத்தான் நிற்கும். தண்டை நீளவைக்கும் அளவு வேருக்கு மிக அதிகம்.

ஆக்சினை உணரும் புரதம் தண்டிலும் வேரிலும் ஒரே குடும்பம்தான்: டிஐஆர்1. இது ஏற்பி என்பது 2005இல் உறுதியானது. ஆக்சின் இதற்கும் ஆக்ஸ்/ஐஏஏ என்ற தடைப் புரதத்துக்கும் நடுவே பசை போல ஒட்டிக்கொள்ளும். தடைப் புரதம் சிதையும், அடங்கியிருந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். ஆனால் விளைவு திசுவைப் பொறுத்தது. தண்டில் செல்சுவர்ப் பகுதி அமிலமாகி, சுவர் நெகிழ்ந்து செல் நீள்கிறது. வேரில் அதே பகுதி காரமாகி நீட்சி நின்றுவிடுகிறது, அதுவும் ஒரு நிமிடத்துக்குள்! மரபணு இயங்கிப் புரதம் உருவாக அந்த நேரம் போதாது, அதாவது இந்த வேகமான விளைவு வேறு வழியில் வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சோதித்துப் பாருங்கள்: வேர் நுனிக்குச் சற்று மேலே வேர்த்தூவிகள் நீண்டு அடர்ந்திருக்கின்றனவா? பக்கவேர் மொட்டுகள் புடைத்திருக்கின்றனவா? இருந்தால் ஆக்சின்தான் காரணம். அப்புறம் சில நாற்றுகளை ஆக்சின் இல்லாத தட்டுக்கு மாற்றுங்கள். வேர் மறுபடி நீள வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஐஏஏவைக் கரைக்கும் எத்தனால் மட்டும் கலந்த ஒப்பீட்டுத் தட்டு கட்டாயம் வேண்டும். வெளிச்சத்தில் ஐஏஏ சிதையும் என்பதால் பழைய தட்டின் முடிவை நம்ப வேண்டாம். நீண்ட சோதனை என்றால் என்ஏஏ என்ற செயற்கை ஆக்சின் தாங்கும்.