மெலனின் படலமும் ஈரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டோபமைன் என்ற வேதிப்பொருளிலிருந்து, தோலுக்கு நிறம் தரும் மெலனின் போன்ற மெல்லிய படலங்கள் செய்கிறோம். ஒரே தொகுதியில் பாதியை வெளிநாட்டுக் கூட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர்கள் வெற்றிடத்தில் அளந்த மின்கடத்துதிறன், நாங்கள் திறந்த அறையில் அளந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிழை யாருடையது?

ச.

அன்புள்ள ச.,

யாரும் பிழை செய்யாமலேயே இவ்வளவு வேறுபாடு வரும். நீங்கள் அளந்தது ஈர மெலனின், அவர்கள் அளந்தது காய்ந்த மெலனின். 1974-இல் மெக்கின்னஸ், கோரி, பிராக்டர் மூவரும் மெலனினை ஒழுங்கற்ற குறைக்கடத்தி என்றார்கள். அந்தப் பார்வை நெடுங்காலம் நீடித்தது. குவின்ஸ்லாந்து, கிராக்கோவ், பிரிட்டனின் ஐசிஸ் (மியூவான் என்ற நுண்துகளால் பொருள்களை ஆராயும் நிலையம்) ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2012-இல் அதை மாற்றினார்கள். படலத்திலுள்ள குயினோன், ஹைட்ரோகுயினோன் என்ற இரு வேதி அமைப்புகளும் தண்ணீரோடு வினைபுரிந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட செமிகுயினோனையும், மின்னூட்டத்தைச் சுமக்கும் புரோட்டானையும் தருகின்றன. தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் மின்னோட்டத்தைச் சுமக்க ஆளில்லை.

ஆகவே இரு ஆய்வகங்களும் ஒரே ஈரப்பதத்தில் அளக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூடிய கலத்தில் நிறைவுற்ற உப்புக் கரைசல் போதும்: 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11%, மெக்னீசியம் குளோரைடு 33%, சமையலுப்பு 75% ஈரப்பதம் தரும். அடியில் கரையாத உப்பு கிடக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பு நகரும். படலத்தின் எடை மாறாமல் நிற்கும்வரை காத்திருங்கள். படலத்தை இரு உலோகத் தகடுகளுக்கு இடையில் வைக்காதீர்கள். மேல்தகடு ஈரத்தை உள்ளே விடாது. பழைய அளவீடுகள் பலவற்றைக் குழப்பியது இதுதான். இரு மின்முனைகளும் ஒரே தளத்தில், மேற்பரப்பு திறந்தே இருக்கட்டும்.

நேர்மின்னோட்டத்தில் அளந்தால் புரோட்டான்கள் முனைகளில் தேங்கி, மின்னோட்டம் நேரத்தோடு சரியும். எந்த நொடியில் படித்தீர்கள் என்பதே விடையாகிவிடும். சிறிய மாறுமின்னழுத்தத்தில் மின்மறுப்பு நிறமாலை எடுப்பதே, அதாவது பல அதிர்வெண்களில் மின்னோட்டத்துக்கான எதிர்ப்பை அளப்பதே, சரி.

குளோரைடிலும் கவனம் தேவை. ஈரப் படலத்தில் மின்னழுத்தம் தரும்போது அது தங்க மின்முனையையே கரைக்கும். கரைந்த தங்கம் கிளை கிளையாக வளர்ந்து இரு முனைகளையும் இணைத்துவிடும். மான்ட்ரியல், நேப்பிள்ஸ் குழுக்கள் 2013-இல் இதைக் காட்டின. திடீரென்று கடத்துதிறன் உயர்ந்தால் மகிழ்வதற்கு முன் நுண்ணோக்கியில் பாருங்கள். உங்கள் டோபமைன் ஹைட்ரோகுளோரைடிலும், அமில அளவைச் சரிசெய்யும் அமிலத்திலும் குளோரைடு உண்டு. அயனி நீக்கிய நீரில் பலமுறை கழுவுங்கள்.

செய்முறை வழக்கமானதுதான் என்று கொள்கிறேன்: மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன், அமில அளவை நிலையாக வைக்கும் டிரிஸ் கரைசல் 10 மில்லிமோலார், பி.எச். 8.5. படலம் வளரும் பாத்திரத்தை மூடிவிட்டால் ஆக்சிஜன் போதாமல் படலம் மெலிந்துபோகும். அடுத்த பொதியில் படலத்தின் தடிமன், கழுவிய முறை, எந்த உப்பின் மேல் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அவர்களிடமும் அதே விவரங்களைக் கேளுங்கள்.