எடை குறைந்த குழந்தையை இன்குபேட்டரில் தேறிய பிறகுதான் கங்காரு பராமரிப்பில் வைக்க வேண்டுமா?

முன்பு அப்படித்தான் சொன்னார்கள். இப்போது இல்லை. கங்காரு பராமரிப்பு என்பது குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி வைத்துக்கொள்வது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டால் பிறந்த முறை இது. உடல்நிலை சீரான பிறகே தொடங்குவது என்பதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது.

அதை மாற்றியது உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடத்தி, 2021-இல் வெளியிட்ட ஆய்வு. 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை உடனே தாயின் மார்பில் வைத்தார்கள். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 12%. வழக்கமான முறையில் 15.7%. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022-இல் அந்நிறுவனத்தின் பரிந்துரையும் மாறியது. தானாக மூச்சுவிட முடியாத குழந்தைக்கும், அதிர்ச்சி நிலையில் (ஷாக் - ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலை) உள்ள குழந்தைக்கும் மட்டும் இது பொருந்தாது.

செய்யும்போது கழுத்தைக் கவனியுங்கள். நாப்கின், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, மார்புகளுக்கு நடுவே நிமிர்ந்தபடி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சு தடைபடும்.

ஒரு பெரிய சிக்கல், பல மருத்துவமனைகளில் தாய் ஒரு வார்டிலும் குழந்தை இன்னொரு வார்டிலும் இருப்பதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட வேண்டும். அப்புறம், தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.